சூரை ரத்தம்

மீன்காரியின் சேலையில் ரத்தம் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு மணக்குடி குளோரி மூன்று வருஷம் புருஷனையும் தெருவையும் வாடிக்கைக்காரர்களையும் ஏமாற்றிவிட்டாள். கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளை மண்ணுக்குள் கொண்டு வைக்கப் பார்த்தது.

விடிவதற்கு முன்பே கரையில் ஏலம் தொடங்கிவிடும். அவள் புருஷன் ததேயுஸ் போகிற வள்ளம் கொண்டுவந்த மீனைத்தான் குளோரி மற்றப் பெண்களோடு முட்டிமோதி ஏலத்தில் எடுப்பாள். புருஷன் பிடித்த மீன் என்று அதில் சலுகை கிடையாது. எடுத்ததை அலுமினியச் சருவத்தில் அடுக்கி, ஐஸைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, மீன்காரிகள் கூட்டாகப் பிடித்திருக்கும் டெம்போவில் ஏற்றினால், சுசீந்திரத்துக்கு அடுத்தாற்போல் ஆசிராமம் ஊர் வளைவில் டிரைவர் இறக்கிவிடுவான். அங்கிருந்து தலைச்சுமடு. ஆவணி மாதம். கன்னிப்பூப் போகத்து நெற்கதிர் அறுப்புக்கு நின்றது. அறுக்க விடாமல் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் சருவத்தைத் தலையில் வைத்தால் மூன்று தெருவும் சுற்றிய பிறகுதான் இறக்குவாள். இப்போது முதல் மதகிலேயே மூச்சு முட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. கட்டி கட்டியாக விழும்போது காலில் இருந்து உயிர் வடிகிற மாதிரி இருக்கும். கறுப்பும் காப்பிப்பொடி நிறமுமாக நாலைந்து சேலை தனியே வைத்திருந்தாள். இரண்டு நாப்கின், அதற்குமேல் மடித்த பழைய தோர்த்துத் துண்டு, அதற்கும்மேல் பாவாடை. இவ்வளவையும் தாண்டிச் சேலையில் பட்டால் சொல்ல வேண்டிய பதில் சருவத்திலேயே இருந்தது.

ஆசிராமத்தில் அவள் சருவத்தை இறக்கி உட்கார்ந்து மீன் வெட்டுகிற இடம் கோமளவல்லியின் வீட்டுப் பின்முற்றம். கோமளவல்லியின் கணவர் கோலப்பன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மீன் இல்லாவிட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். குளோரிக்கும் அந்த வீட்டுக்கும் பதினைந்து வருஷத்துப் பழக்கம். அந்த வீட்டுக் குளியலறையைக் குளோரி உரிமையோடு பயன்படுத்துவாள். சமீபகாலமாக உள்ளே போனால் வெளியே வர வெகுநேரம் ஆவதைக் கோமளவல்லி கவனித்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கவனித்தது இன்னொன்று. குளோரி சூரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டே இடதுகையால் ஐஸ் பெட்டியைத் துழாவி, கட்டி கட்டியாக எடுத்து வாயில் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனாமத்த கட்டிட்டி, குளோரி?"

"வெக்கைக்கு நல்லாருக்கு அக்கா. குடிக்கதுக்கான ஐஸுதான் இது, தனியா வாங்கி வச்சிருக்கேன்."

"எந்த வெக்க? நேத்து பிடிச்ச மழை இன்னும் விடேல. நான் சொட்டர் போட்டுக்கிட்டு நிக்கேன், நீ ஐஸு திங்க."

"வாயி கேக்குது. என்ன செய்ய."

"வாயி கேக்கது இருக்கட்டு. மூஞ்சி வெள்ளத்துணி கணக்கா வெளிறிக் கெடக்கு. வயிறு மட்டும் முன்னால வருது. நெசத்தச் சொல்லுட்டி, ததேயுஸு வேலையக் காட்டிட்டானா?"

குளோரி சிரித்துவிட்டாள். "நாப்பத்தாறு வயசுலயா? எனக்க மவன் லிஜோ மஸ்கட்ல இருந்து பிளைட்டு பிடிச்சு வந்து என்னைய வெட்டிப்போடுவான்."

"பின்ன ஒரு டாக்டர்ட்ட காட்டினா என்ன?"

"காட்டுவோம், காட்டுவோம். கிறிஸ்மஸ் கழியட்டு."

போன வருஷமும் கிறிஸ்மஸ் கழியட்டும் என்றுதான் சொன்னாள். எழுந்து சருவத்தை எடுக்கக் குனிந்தபோது கோமளவல்லியின் பார்வை அவள் பின்பக்கம் நின்றுவிட்டது.

"பின்னால என்னட்டி அது?"

"சூரை ரத்தம் அக்கா. உக்காந்த பலகையில இருந்து பட்டிருக்கும்."

சூரைக்கு ரத்தம் அதிகம்தான். வெட்டினால் கறுஞ்சிவப்பாக ஓடும். கோமளவல்லி மேலே ஒன்றும் கேட்கவில்லை. குளோரி போன பிறகு அவள் உட்கார்ந்திருந்த பலகையில் இருந்த ரத்தத்தைக் கழுவக் குனிந்தவள், அதில் மீன் வாடை கொஞ்சமும் இல்லாததைக் கண்டு அப்படியே நின்றாள்.

குளோரி டாக்டரிடம் போகாததற்குக் காரணம் மறதியோ சோம்பலோ கிடையாது, பயம். அவளுக்கு மூத்தவள் சலேத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. ரத்தம் நிற்காமல் போனது. அவள் தன் காலால் நடந்து, சாந்துப்பொட்டு வைத்து, பஸ் ஏறித்தான் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கேன்சர் என்று பெயர் சொன்னார்கள். பெயர் சொன்ன பிறகு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஊர்த் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் கல்லறைக்குப் போய்விட்டாள். நோய் முற்றியிருந்தது என்பதைக் குளோரி எண்ணிப் பார்க்கவில்லை. பெயர் தெரிந்த பிறகுதான் அக்கா செத்தாள் என்பது மட்டும் அவள் மனதில் ஆணியடித்து நின்றுவிட்டது. பெயர் தெரியாத வரைக்கும் நடமாடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். முட்டாள்தனமான கணக்குதான், ஆனால் பயந்தவர்கள் போடும் கணக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை உடம்பு முடியவில்லை என்று வியாபாரத்துக்குப் போகாமல் படுத்திருந்தாள். ஒரு நாள் கரைக்கு வராமல் படுத்தால் ஊர் விசாரிக்கும். நல்லவேளை, காற்று என்று அன்றைக்கு வள்ளமே இறங்கவில்லை.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மணக்குடியில் ஞாயிற்றுக்கிழமை கடலில் வள்ளம் இறங்காது. சனி சாயங்காலம் வலையைச் சுருட்டி வைத்தால் திங்கள் விடியற்காலைதான் தொடுவார்கள். கர்த்தருடைய நாளில் கரையில் ஒரு செதில் கிடக்காது. மீன் தின்றே வளர்ந்த ஊர் அன்றைக்குக் கோழிக்கடையில் வரிசை நிற்கும்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் உட்கார்ந்துதான் பூசை காண்பார்கள். குளோரி மூன்று வருஷமாகக் கடைசியில் சுவரோரம், பக்கவாசலுக்குப் பக்கத்தில் உட்கார்வது வழக்கம். எழுந்து ஓட வசதி. அன்று பீடத்தில் நன்மை அப்பம் வாங்க எழுந்தபோதே தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுக்கிடையில் சூடாக இறங்கியது. குனிந்து பார்த்தால் வெள்ளை டைல்ஸ் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். பக்கத்தில் இருந்த பெண் பீடத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். குளோரி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்து, பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

நன்மை வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த ததேயுஸ் இதைப் பார்த்துவிட்டான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் கொல்லையில் பாவாடையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவந்திருந்தது.

"என்னட்டி இது?"

நாக்குக்குப் பழகிப்போன பதில் தானாக வந்தது. "சூரை ரத்தம்."

ததேயுஸ் வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனிதன்.

"குளோரி, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமையாக்கும்."

அவள் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. 

"எத்தன நாளாட்டு?"

"லிஜோ வெளிநாடு போன வருஷத்துல இருந்து."

"எங்கிட்ட சொல்லுதுக்கு என்ன?"

"சலேத்தக்காவ கொண்டுபோனது நீங்கதானே. நீங்க ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொன்னீங்க, அவ படுத்துட்டா. என்னையும் கொண்டுபோவீங்க. யாரோ ஒரு பேரு சொல்லுவாவ. நான் படுத்துருவேன்."

ததேயுஸின் கண் கலங்கியது. அதைக் காட்டாமலிருக்க வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் ஊற்றினான். திரும்பி வந்து, "நாளைக்கு நான் கடலுக்குப் போவேல. நீயும் சருவத்த எடுக்காத," என்றான். "பேரு என்னன்னு கேக்கப் போறோம். பேரு தெரியாத கள்ளன் வீட்டுக்குள்ள இருக்கதவிட, பேரு தெரிஞ்ச கள்ளன் கொள்ளாம்."

விஷயம் ஒரு மணி நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ததேயுஸின் தங்கை பெபிஷா கோழிக்குழம்போடு வந்தாள். கையோடு தீர்ப்பையும் கொண்டுவந்திருந்தாள்.

"இதுக்குப் போயி இம்புட்டு ஒளிக்கணுமா மைனி? கர்ப்பப்பைய எடுத்துக் களஞ்சிரு. நம்ம தெருவுல யாருக்கு இருக்கு இப்பம்? மேரிக்கு எடுத்தாச்சு, கபிரியேலுக்க பொண்டாட்டிக்கு எடுத்தாச்சு. பிள்ள பெத்து முடிஞ்சா அது வெறும் பைதானே. வச்சிருந்தா வம்புதான்."

"எடுத்தவளுவ எல்லாரும் என்ன செய்யுதாளுவ? மேரி இப்பம் சுமடு தூக்குதாளா?"

"தூக்கேல. வீட்டுல இருக்கா."

"நான் வீட்டுல இருந்தா யாரு போறது ஆசிராமத்துக்கு?" என்றாள் குளோரி. சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் செல்போன் அடித்தது. கோமளவல்லி.

"குளோரி, இன்னைக்கு சாளை உண்டா? இவிய ரெண்டு நாளா உர்ருன்னு இருக்காவ."

"இன்னைக்கு வரேல அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

 "எந்த பஸ்ஸுல வாறே? சுசீந்திரத்துல நான் ஏறிக்கிடுதேன். சாளை கெடக்கட்டு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொன்னபடி சுசீந்திரம் பாலத்துப் பக்கம் குடையோடு நின்றாள். ஏறியதும் ததேயுஸை எழுப்பிப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குளோரி பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் சாரல் அடித்தது. நனைந்த கதிர் வயலோடு சாய்ந்து கிடந்தது.

"வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். நீ இருந்த பலகையில கெடந்த ரத்தத்துல மீன் வாடையே இல்ல."

"அப்பமே கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?" கோமளவல்லி குடையை மடக்கிக் காலடியில் வைத்தாள். "நான் ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன், கேட்டியா. எனக்கு எடுத்தது நாப்பது வயசுல. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டி இருக்குன்னாவ, எடுத்துருவோம்னாவ. நான் தலையாட்டினேன், இவிய கையெழுத்துப் போட்டாவ. என்ன கட்டி, எங்க இருந்துது, எம்புட்டு பெருசு, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சினைப்பையையும் சேத்து எடுத்துருக்காவ. அது எடுத்தா என்ன ஆவும்னு யாரும் சொல்லேல, நானும் கேக்கேல. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல மேலெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி எரியும். உறக்கம் கெடையாது. நான் கத்துத கத்துல இவிய வீட்டுக்குள்ள வரவே பயந்தாவ. இப்பம் முட்டு, இடுப்பு, எல்லாம் நோவு."

"அப்பம் எடுக்கப்பிடாதா?"

"அப்படிச் சொல்லேல நான். எடுக்க வேண்டி இருந்தா எடுக்கணும்தான். எனக்கு எடுக்க வேண்டிகூட இருந்திருக்கும். கேக்காம எடுத்தேன் பாரு, அதாக்கும் என்னைய உறுத்துது. கடையில சேலை எடுக்கப் போனா நூறு கேள்வி கேப்பேன். அன்னைக்கு ஒண்ணு கேக்கேல. நீ கேளு. நீ கேக்கலைன்னா நான் கேப்பேன்."

நாகர்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, டாக்டர் முன்னால் உட்காரும்போது மதியம் திரும்பிவிட்டது. டாக்டர் அபிதா சின்ன வயதுக்காரி, மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு. ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியில் குளோரி திகைத்துப்போனாள்.

"ஐஸ் திம்பீங்களோ?"

"திம்பேன். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ரத்தத்துல இரும்புச்சத்து இல்லாட்டி செல பேருக்கு ஐஸ் திங்கத் தோணும். ஒங்க ஒடம்புல இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. இத வச்சுக்கிட்டு நீங்க மீன் சுமந்தீங்கன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"சுமந்தா," என்றான் ததேயுஸ் பின்னால் இருந்து. 

குளோரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், மத்தது எல்லாம் பொறவு சொல்லுங்க. இது கேன்சரா, இல்லியா?"

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "ஸ்கேன்ல தெரியுதது நார்க்கட்டி. ஃபைப்ராய்டுன்னு சொல்லுவோம். கர்ப்பப்பையில சதை திரண்டு உருண்டு வாறது. இது கேன்சர் இல்ல. பத்துப் பொம்பளைகள்ல ஆறேழு பேருக்காவது இருக்கும். பாதிப்பேருக்கு இருக்கதே தெரியாது. ஆனா ஒங்களுக்கு நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு, இம்புட்டு ரத்தம் போயிருக்கு. அதனால கர்ப்பப்பை உள்சுவர்ல இருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். அது வந்த பொறவுதான் முழுசா ஒண்ணும் இல்லன்னு சொல்லுவேன். ஒரு வாரம் ஆவும்."

"ஒங்க மனசுக்கு என்ன தோணுது?"

"எனக்குப் பேடி இல்ல, பயப்பட ஒண்ணும் தெரியேல. ஆனா நான் சொல்லுதது போதாது, சோதனை சொல்லணும்."

கோமளவல்லி தொண்டையைச் செருமினாள். "என்ன கட்டி, எங்க இருக்குன்னு இவளுக்கு விளங்குத மாதிரி சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்தாள். "கையை மடக்குங்க குளோரி. இதாக்கும் ஒங்க கர்ப்பப்பை, இம்புட்டுதான் அது." அவள் புறங்கையில் விரலை வைத்தாள். "இங்க வெளிப்பக்கம் ஒரு பெரிய கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு. மாதுளம்பழம் அளவு. வயிறு முன்னால வாறது இவனால. இன்னொண்ணு சுவருக்குள்ள, நெல்லிக்கா அளவு. ரெண்டு பேரும் சாது." பிறகு மடக்கிய விரல்களை விரித்து உள்ளங்கையின் நடுவில் அழுத்தினாள். "இங்க, மாசாமாசம் ரத்தம் வாற எடத்துல, நாவப்பழம் அளவுல ஒண்ணு தொங்குது. அம்புட்டு ரத்தமும் இவன் குடிச்சதாக்கும்."

"சின்னதா?" ததேயுஸ் முன்னால் எட்டிப் பார்த்தான். "பெருச விட்டுட்டு சின்னதயா பிடிக்கப் போறீங்க?"

"ஆமா."

"கடல்ல இப்படிச் செஞ்சா எங்கள வள்ளத்துல ஏத்த மாட்டான்."

டாக்டரும் நர்சும் சேர்ந்து சிரித்தார்கள். குளோரி மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகத் தன் வயிற்றுக்குள் ஒரு பெரிய இருட்டு இருப்பதாக நினைத்திருந்தாள். அதற்கு ஒரு மாதுளம்பழம், ஒரு நெல்லிக்காய், ஒரு நாவல்பழம் என்று அளவு இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"நாத்தனா கர்ப்பப்பைய எடுத்துரணும்னு சொல்லுதா."

"அதும் ஒரு வழிதான். தப்பு இல்ல. எடுத்துட்டா திரும்ப வராது. ஆனா பெரிய ஆபரேஷன், ரெண்டு மூணு மாசம் பாரம் தூக்கப்பிடாது. அப்படியே எடுத்தாலும் சினைப்பைய தொட வேண்டிய அவசியம் இல்லன்னா நாங்க தொட மாட்டோம்." கோமளவல்லி இதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேற வழியும் உண்டு. ரத்தம் கொறைய மாத்திரை உண்டு. கர்ப்பப்பைக்குள்ள மருந்து வச்ச வளையம் மாதிரி ஒண்ணு வைக்கலாம், ஆனா ஒங்களுக்குக் கட்டி உள்ளயே தொங்குததால அது நிக்கது கஷ்டம். கட்டி சுருங்க ஊசி உண்டு, நிறுத்தினா மறுபடி வளரும். கட்டிக்குப் போற ரத்தக்குழாய அடைச்சு அதப் பட்டினி போடுதது உண்டு, அது திருவனந்தபுரம் போகணும். ஒண்ணும் செய்யாம மாசக்குளி நிக்கட்டும்னு காத்திருக்கதும் உண்டு; நின்னா இது தானா சுருங்கும். ஆனா அதுவரைக்கும் ஒங்க ரத்தம் காணாது."

"எனக்கு எது கொள்ளாம்?"

"கீழ வழியாவே கேமரா குழாய விட்டு, உள்ள தொங்குதத மட்டும் செதுக்கி எடுக்கலாம். வயித்துல கத்தி படாது. அடுத்த நாள் வீட்டுக்குப் போலாம். மத்த ரெண்டையும் விட்டுட்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாப்போம். திரும்ப ஒண்ணு வளர வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லணும்லா."

"சுமடு எப்பம் தூக்கலாம்?"

"ரத்தம் ஏறின பொறவு. அதுக்கு முன்ன தூக்கினா நான் ஆசிராமத்துக்கு வந்து பிடிப்பேன்."

அன்றைக்கே படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் நிற்க மாத்திரை கொடுத்தார்கள். பரிசோதனைக்குத் துளி சதை எடுத்தார்கள். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் ததேயுஸ் ஐஸ் வாங்கி வரவா என்று கேட்டபோதுதான், இரண்டு நாளாக அந்த நினைப்பே வரவில்லை என்று குளோரி உணர்ந்தாள்.

பிறகு அந்த ஒரு வாரம். அதைப்பற்றி என்ன சொல்வது. முருங்கைக்கீரையும் ஈரலும் பயற்றங்கஞ்சியுமாகப் பெபிஷா கொண்டுவந்து தந்துகொண்டே இருந்தாள். குளோரி சாப்பிட்டாள், படுத்தாள், கையை மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். டாக்டர் சொன்னது தைரியமாக இருந்தது. சலேத்தின் முகம் வந்ததும் அந்தத் தைரியம் போய்விடும்.

இதற்கிடையில் ததேயுஸ் ஒரு காரியம் செய்தான். மணக்குடியில் ஆண் கடலுக்குப் போவான், பெண் மீனை விற்பாள். சருவத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் கூவுகிற ஆணை அந்தக் கரை பார்த்ததில்லை. ததேயுஸ் சருவத்தைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஆசிராமத்துக்குக் கிளம்பிவிட்டான். கரையில் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் கோமளவல்லியின் போன் வந்தது.

"ஏட்டி, ஒனக்க மாப்பிள்ளைய இனி அனுப்பாத. வெல கேக்கதுக்கு முன்னாலயே ரெண்டு மீனு கூடப் போடுதான். மூணு தெருக்காரியளும் சேந்து அவன மொட்டையடிச்சிட்டாளுவ. அயிலைய வெட்டித் தாவேன்னேன். தலைய வெட்டிட்டுக் கொடலை உள்ளயே வச்சிட்டுப் போயிருக்கான்."

"கோலப்பண்ணன் தின்னாவளா?"

"தின்னாவ. ஒனக்க மீனு இல்லியா, குத்தம் சொல்ல மனசு வரேல."

குளோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முடிவு வாங்கப் போன அன்று மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ததேயுஸ் சட்டைப்பையில் இருந்த செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான். கோமளவல்லி நெற்றியில் சுசீந்திரம் கோயில் விபூதி பூசி வந்திருந்தாள். அதில் கொஞ்சத்தைக் குளோரியின் கையிலும் தேய்த்துவிட்டாள். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் உட்காருவதற்குள் டாக்டர் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல குளோரி. சுத்தமா இருக்கு."

"கேன்சர் இல்ல."

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா? எனக்க பேருதானா அது?"

"ஒங்க பேரு, ஒங்க வயசு, ஒங்க மணக்குடி. வெறும் நார்க்கட்டி."

வெளியே வந்து வேப்பமரத்து மூட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சலேத்தக்கா, சலேத்தக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தனக்காக அழுதாளா அக்காவுக்காக அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவான அழுகை அது. அக்கா செத்தபோது இந்தப் பயத்தில் சரியாகக்கூட அழவில்லை. கோமளவல்லி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ததேயுஸ் தள்ளி நின்று, ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தபடி மூக்கைச் சிந்தினான்.

அழுகை ஓய்ந்ததும் குளோரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா, எனக்குப் பசிக்குது."

ஹோட்டலில் ரசவடை இரண்டு தட்டு வாங்கித் தின்றாள். மூன்றாவது தட்டுக்குத் ததேயுஸே கை காட்டினான்.

புரட்டாசிக் கடைசியில், இரும்புச்சத்து ஊசி போட்டு ரத்தம் ஏறிய பிறகு, அந்த நாவல்பழத்தை எடுத்தார்கள். டாக்டர் சொன்னபடி மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெபிஷாவுக்குத்தான் திருப்தியில்லை.

"மத்த ரெண்டயும் உள்ள வச்சிட்டா வந்திருக்க?"

குளோரி கையை மடக்கிக் காட்டினாள். வெளியே இருப்பவன் யார், சுவருக்குள் இருப்பவன் யார், கள்ளன் எங்கே தொங்கினான் என்று டாக்டர் மாதிரியே விளக்கினாள். பெபிஷா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக, "எனக்கும் இப்பம் மாசத்துக்கு ரெண்டு தடவ வருது மைனி," என்றாள்.

"பிறத்தியாளுக்க பைய எல்லாம் களையச் சொன்னியே, ஒனக்கதப் பத்தி வாயத் தொறக்கேல?"

"எனக்குப் பேடி."

"வியாழக்கிழமை வா. நான் கூட வாறேன்."

கார்த்திகையில் குளோரி சருவத்தைத் தலையில் ஏற்றினாள். முதல் மதகு வந்தது, தாண்டிப் போய்விட்டாள். இரண்டாவது தெருமுனையில்தான் தனக்கு மூச்சு வாங்கவில்லை என்று ஞாபகம் வந்தது. அடுத்த போகமான கும்பப்பூ நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. கோமளவல்லியின் முற்றத்தில் உட்கார்ந்து சூரையை வெட்டும்போது மடியில் ரத்தம் தெறித்தது. கோமளவல்லி குனிந்து மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். மீன் வாடைதான். உள்ளே போய்ச் சாயா போட்டுக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குளோரி பெட்டிக்கு அடியில் இருந்து வெள்ளைச் சேலையை எடுத்தாள். லிஜோ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. ஒரு தடவைகூடக் கட்டவில்லை. கோயிலில் சுவரோரம் போகாமல் பெண்கள் பக்கம் நடுவில் போய் உட்கார்ந்தாள். நன்மைக்கு எழுந்தபோது கை பழக்கத்தில் பின்னால் போய்ச் சேலையைத் தடவிப் பார்த்தது. காய்ந்த துணி. நிமிர்ந்தாள். ஆண்கள் பக்கம் எல்லாரும் பீடத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, ததேயுஸ் மட்டும் கழுத்தை எட்டி, அவள் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நன்மை நேரத்துல பீடத்தப் பாக்காம, தரையிலயா கண்ணு?"

"ஆண்டவரு அங்கதான் இருப்பாரு, எங்கயும் போவ மாட்டாரு," என்றான் ததேயுஸ். "நான் பாக்க வேண்டியதப் பாத்தேன்."

"பாத்து?"

  கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவள் கையில் இருந்த செபப்புத்தகத்தை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வா," என்றான். "நேரமாயிட்டுன்னா கோழிக்கடையில வரிசை நிக்கணும்."